ஷிமானோ எம்.டி.200 ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்: பொருள் நல்லது, பூட்டுவதில்தான் வில்லங்கம்

கேபிள் டிஸ்க் பிரேக்கோடு வந்த மலை சைக்கிளை ஹைட்ராலிக்குக்கு மாற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் ஷிமானோவின் எம்.டி.200 செட்டைத்தான். அந்த நிறுவனத்தின் ஹைட்ராலிக் வரிசையில் இது கீழ்ப்படி. காலிப்பருக்கு (சக்கரத்தோடு சுற்றும் ரோட்டார் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இரண்டு பிஸ்டன், மினரல் ஆயில், ரெசின் பேட் (தட்டில் உராயும் பிசின் கட்டை), அவ்வளவுதான். மேல்வரிசை லீவர்களில் இருக்கும், குறைந்த அழுத்தத்தில் கூடுதல் பிடிமானம் தரும் ‘சர்வோ வேவ்’ அமைப்பு இதில் கிடையாது. லீவர் கைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு அழுத்தினால் பிடிக்க வேண்டும் என்பதை மாற்ற வழியில்லை. இருந்தாலும் கொடுக்கிற காசுக்கு இது தரமான சரக்கு. வாங்கியவர்கள் வழக்கமாகச் சொல்லும் ‘பஞ்சு மாதிரி அமுங்குது’, ‘கீச்சுன்னு கத்துது’, ‘உரசிக்கிட்டே ஓடுது’ என்ற மூன்று குறையும் பெரும்பாலும் பூட்டிய கையின் குறை. அதனால் இந்த மதிப்புரையில் பாதிக்கு மேல் பூட்டுவதைப் பற்றித்தான்.

கேபிள் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு முதல் நாளே தெரியும் வித்தியாசம், இரண்டு விரலில் வண்டி நிற்பது. ஆறு மாதம் கழித்துத் தெரிவதுதான் பெரிய வித்தியாசம். மலிவான கேபிள் காலிப்பரில் ஒரு பக்கப் பேட் மட்டும் நகரும், மறுபக்கம் சும்மா நிற்கும்; பேட் தேயத் தேயத் திருகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் இரு பக்கமும் நகரும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் அழுத்தும்போது முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்து பிஸ்டனையும் பின்னால் இழுத்துக்கொள்ளும். பேட் தேய்ந்தால் பிஸ்டன் சீலுக்குள் அந்த அளவுக்கு முன்னே வழுக்கி நின்றுகொள்ளும். சரிசெய்ய எந்தத் திருகும் வேண்டாம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தானாகவே விளங்கும்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை சில உண்டு. சட்டத்திலும் (ஃபிரேம்), முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் டிஸ்க் பூட்டும் துளைகளே இல்லாத, ரிம் பிரேக் வண்டி என்றால் இந்த யோசனையை விட்டுவிடலாம். ஃபோர்க், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) எல்லாம் மாற்றி, சட்டத்திலும் இடம் இருந்தால்தான் ஆகும். எம்.டி.200 காலிப்பர் ‘போஸ்ட் மவுன்ட்’ வகை. துளைகளின் இடைவெளி சுமார் 74 மி.மீ. இருந்தால் நேராகப் பூட்டலாம். 51 மி.மீ. இருந்து துளை பக்கவாட்டில் குடைந்திருந்தால் அது ‘ஐ.எஸ்.’ வகை, அடாப்டர் வேண்டும். 160 மி.மீ. ரோட்டாரை எடுத்துவிட்டு 180 போடுவதற்கும் அடாப்டர் வேண்டும். ஷிமானோ அடாப்டரில் எஃப்180பி/பி2 என்று இருந்தால் முன்சக்கரம், 180 ரோட்டார், போஸ்ட் காலிப்பரை 160 போஸ்ட் ஃபோர்க்கில் உட்கார வைப்பது என்று பொருள். முடிவில் பி/எஸ் என்றால் ஐ.எஸ். துளைக்கானது. இந்தக் கணக்கைக் கடைக்காரரிடம் விட்டுவிடாமல் நாமே வாசித்துப் பார்ப்பது நல்லது.

பட்ஜெட்டைப் பதம்பார்ப்பது இன்னொன்று. 3×7, 3×8 கியர் வண்டிகள் பலவற்றில் பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே உடலாக வரும். பிரேக்கை எடுத்தால் கியரும் கூடவே போய்விடும். அப்போது எஸ்.எல். எம்.315 போன்ற தனி ஷிஃப்டர் ஒரு ஜோடியும், புது கியர் கேபிளும் வாங்க வேண்டும். செலவுக் கணக்கில் இதைச் சேர்க்காமல் போய், வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு முழிப்பவர்கள் நிறைய.

அடுத்தது எந்தக் கை என்பது. இந்த செட்டுகள் எண்ணெய் நிரப்பி, ஹோஸ் (எண்ணெய்க் குழாய்) இரு முனையும் சேர்த்தே வரும். சில நாடுகளுக்கான செட்டில் முன்பிரேக் இடது லீவரில் இருக்கும். பைக் ஓட்டிப் பழகிய கைக்கு முன்பிரேக் வலதில் இருந்தால்தான் சரிப்படும். அவசரத்தில் கை யோசிக்காது. வாங்கும்போதே வலது லீவர் குட்டை ஹோஸோடு, இடது லீவர் நீள ஹோஸோடு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மாறி வந்தால் இரண்டு ஹோஸையும் கழற்றி மாற்றிக் காற்றெடுக்க வேண்டும். புது செட் வாங்கியதன் பாதிப் பலன் அங்கேயே போச்சு.

ரோட்டார் பழையதையே வைத்துக்கொள்ளலாமா? 1.5 மி.மீ.க்குக் கீழே தேயாமலும், வளையாமலும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், புதிதில் 1.8 மி.மீ. இருக்கும். ஆனால் பழைய பேடின் படிவு அதில் ஏறியிருக்கும் என்பதால், புது பேடுக்குப் புது ரோட்டார் போடுவதே உத்தமம். ஆறு போல்ட் ஹப்புக்கு ஷிமானோ ஆர்.டி.26 போதும். அதில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு, நீண்ட நாள் உழைக்கட்டும் என்று மெட்டல் பேட் போடாதீர்கள்; மெத்தென்ற அந்த ரோட்டாரை மெட்டல் பேட் அரித்துத் தள்ளிவிடும். டி25 நட்சத்திரச் சாவியால், எதிரெதிர் போல்ட்டாக, 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை முறுக்குங்கள். ஆறு போல்ட்டுக்குப் பதில் ஒரே வளையம் பிடிக்கும் சென்டர் லாக் ஹப் என்றால் லாக் ரிங்குக்கு 40. ரோட்டாரில் இருக்கும் அம்பு சக்கரம் முன்னோக்கி உருளும் திசையைக் காட்ட வேண்டும். விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். பூட்டிய பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் இருபுறமும் துடையுங்கள்.

லீவரின் வளையம் திறந்து மூடும் வகை இல்லாததால், கைப்பிடி ரப்பரைக் கழற்றித்தான் ஏற்ற வேண்டும். கழற்றவும் மாட்டவும் சோப்புத் தண்ணீரோ எண்ணெயோ வேண்டாம். ஆல்கஹால் நாலு சொட்டு விட்டால் வழுக்கி, காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். சக்கரம் உள்ளே போகும்வரை காலிப்பருக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை எடுக்கவே கூடாது. அதை எடுத்துவிட்டு ‘எப்படி இருக்குன்னு பார்ப்போம்’ என்று லீவரை ஒரு அழுத்து அழுத்தினால் பேட் இரண்டும் முத்தமிட்டுக்கொள்ளும். பிறகு பிளாஸ்டிக் டயர் லீவரால் மெதுவாக நெம்பிப் பிரிக்க வேண்டியதுதான். ஸ்குரூ டிரைவரைக் கொண்டுபோகாதீர்கள், பேட் முகம் சிதறிவிடும்.

இனி ஹோஸ். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். மிச்சம் ஒரு சாண் அளவுக்குள் இருந்தால் வெட்டாமல் விட்டுவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், தலைவலி முழுசாகப் போகும். அதற்கு மேல் கொக்கி போல வளைந்து நின்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுவது எப்போதும் லீவர் முனையில். முதலில் சக்கரத்தைக் கழற்றித் தள்ளி வைத்து, பேடையும் எடுத்துக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும், பேட் குப்பைக்குத்தான். ரப்பர் உறையை ஒதுக்கி, 8 மி.மீ. ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி ஹோஸை உருவுங்கள். முனையை மேல்நோக்கியே பிடியுங்கள், இந்த நேரத்தில் லீவரைத் தொடாதீர்கள்.

வெட்டு நேராக, தொண்ணூறு பாகையில் இருக்க வேண்டும். ஹோஸ் கட்டர் இல்லையென்றால் புது பிளேடு கொண்ட கட்டர் கத்தி ஆகும். கட்டிங் பிளையர் ஆகாது, அது குழாயை நசுக்கி உள் துளையை நீள்வட்டமாக்கிவிடும். வெட்டியபின் வரிசை தவறக் கூடாது: முதலில் ரப்பர் உறை, அடுத்து நட்டு, அடுத்து ‘ஆலிவ்’ என்கிற சின்ன உலோக வளையம், கடைசியாகக் குழாய்க்குள் தட்டி ஏற்றும் இன்சர்ட். உறையை மறந்துவிட்டு எல்லாம் முறுக்கிய பிறகு மேசையில் அது தனியே கிடப்பதைப் பார்ப்பது இந்தத் தொழிலில் சகஜம். ஆலிவ், இன்சர்ட் இரண்டும் ஒருமுறைக்குத்தான், பழையதைத் திரும்பப் போடக் கூடாது. எம்.டி.200 ஹோஸ் பி.எச்.59 வகை, அதன் இன்சர்ட் தங்க நிறம். வெள்ளி நிறத்தில் இருப்பது பி.எச்.90 ஹோஸுக்கானது, உள் துளை அளவு வேறு. மாற்றிப் போட்டால் பூட்டின மாதிரியே தெரியும். ஓங்கி ஒரு பிரேக் அடிக்கும்போது கசியும். ஹோஸை அதற்கான தாங்கு கட்டைக்குள் வைத்து வைஸில் பிடித்து, இன்சர்ட்டை விளிம்புவரை தட்டி இறக்குங்கள். பிறகு ஹோஸை லீவருக்குள் முட்டும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே நட்டை 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். அழுத்திப் பிடிக்காமல் முறுக்கினால் ஆலிவ் தவறான இடத்தில் நசுங்கும்.

கவனமாகச் செய்திருந்தால் காற்று லீவர் பக்கம் மட்டுமே கொஞ்சம் புகுந்திருக்கும். லீவரைத் தரைக்கு மட்டமாகத் திருப்பி, மேலே இருக்கும் 2.5 மி.மீ. ஆலன் திருகைக் கழற்றி, ஓ-ரிங்கைத் தொலைக்காமல் வைத்து, பிளீடிங் (காற்றெடுக்கும்) புனலைப் பூட்டிப் பாதி எண்ணெய் ஊற்றுங்கள். காலிப்பருக்கு நடுவே, பேடுக்குப் பதிலாக வைக்கும் பிளீட் பிளாக் கட்டையைச் செருகிவிட்டு லீவரை மெல்ல அழுத்தி, சட்டென்று விட, குமிழி மேலே வரும். ஹோஸைக் காலிப்பரிலிருந்து மேல்நோக்கி விரலால் சுண்டிக்கொண்டே வந்தால் ஒட்டியிருப்பதும் கிளம்பும். குமிழி நின்று லீவர் கெட்டியானால் வேலை முடிந்தது.

கெட்டியாகவில்லை என்றால் கீழிருந்து முழு பிளீடிங். காலிப்பர் நிப்பிளில் (எண்ணெய் போய்வரும் சிறு முனை) எண்ணெய் ஏற்றிய சிரிஞ்சை மாட்டி, 7 மி.மீ. ரிங் ஸ்பேனரால் எட்டில் ஒரு சுற்று திறந்து, கீழிருந்து மேலே தள்ளுங்கள். புனலில் குமிழி வருவது நின்றதும் மூடி, சிரிஞ்சை எடுத்துவிட்டுப் பையோடு கூடிய குழாயை மாட்டுங்கள். லீவரை அழுத்திப் பிடித்த நிலையில் நிப்பிளை அரை வினாடி திறந்து மூடுவதை இரண்டு மூன்று தடவை செய்தால், காலிப்பருக்குள் பதுங்கிய கடைசிக் குமிழியும் வெளியே வரும். நிப்பிளுக்கு 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் போதும். புனலை எடுப்பதற்கு முன் அதன் அடைப்பானைச் செருகுங்கள்; கடைசித் திருகைப் போடும்போது எண்ணெய் கொஞ்சம் வழிய வேண்டும், வழிந்தால்தான் உள்ளே காற்று இல்லை.

எண்ணெய் விஷயத்தில் சமாதானமே கிடையாது. பைக் கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 எண்ணெயை இதில் ஊற்றினால் சீல் ஊதிப்போய் பிஸ்டன் நகராது. கழுவி ஊற்றினாலும் தேறாது, லீவரும் காலிப்பரும் சேர்ந்தே போகும். சிவப்பு நிற ஷிமானோ மினரல் ஆயில் ஒரு பிரேக்குக்கு 50 மி.லி. இருந்தால் தாராளம்.

உரசல் தீர்ப்பது இதற்கெல்லாம் பிறகு. சக்கரத்தை மாட்டி, காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் ஆடும் அளவுக்குத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், 5 மி.மீ. ஆலன், 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். கடைசிச் சுற்றில் காலிப்பர் போல்ட்டோடு சேர்ந்து அரை மி.மீ. நகர்ந்துவிடும், அதுதான் தொல்லை. காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத்தாள் பிடித்து, ரோட்டாரின் இரு பக்கமும் வெளிச்சக் கோடு ஒரே அகலத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் சோம்பேறித்தனம் செய்தால் காலிப்பரை நகர்த்தி ஏமாற்றாதீர்கள். பேடை எடுத்துவிட்டு, மற்றப் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு, சோம்பேறிப் பிஸ்டனை லேசாக வெளியே வரவைத்து, பக்கங்களை மினரல் ஆயில் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து உள்ளே தள்ளுங்கள். பிறகு காலிப்பரை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பேடைப் போடுங்கள்.

பூட்டி முடித்த அன்றே மலை இறங்காதீர்கள். சமதளத்தில் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் சுழலாமல் இறுகி நிற்காதபடி, முன்னும் பின்னும் தனித்தனியாக இருபது தடவை குறையுங்கள். ஆரம்பத்தில் பிடிமானமே இல்லாத மாதிரி இருக்கும், பத்தாவது தடவையில் மாறுவது கையில் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி, வால்பாறையின் 40 மாதிரி இறக்கம் பழக்கம் என்றால் முன்னால் 180 ரோட்டார் போட்டே ஆக வேண்டும். வழி முழுக்க லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரெசின் பேட் சூடேறி முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துப்போகும், கத்தலும் தொடங்கும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டு, காற்றுப் பட விடுங்கள். கனமான உடம்புக்காரர், சுமையோடு மலைப்பயணம் போகிறவர், இறக்கத்துக்காகவே வண்டி வைத்திருப்பவர் எல்லாம் எம்.டி.200 வாங்க வேண்டாம். நான்கு பிஸ்டன் காலிப்பருக்குக் காசு சேர்ப்பது சரி.

சங்கிலிக்கு எண்ணெய் ஸ்பிரே அடித்த மறுநாள் பின்பிரேக் கத்தினால் காரணம் தேட வேண்டியதில்லை. எண்ணெய் குடித்த பேடை அடுப்பில் சுடுவது, உப்புத்தாளில் தேய்ப்பது எல்லாம் இரண்டு நாள் மருந்து. புது ஜோடி போட்டு ரோட்டாரைத் துடையுங்கள். பி01எஸ், பி03எஸ், பி05எஸ் மூன்றும் ஒரே வடிவம், எது கிடைத்தாலும் பொருந்தும். உராயும் பொருள் 0.5 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும்.

பங்க்சர் பார்க்க வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால், லீவர் தொட்டியில் இருக்கும் கொஞ்சக் காற்று ஹோஸுக்குள் ஏறிவிடலாம். நிமிர்த்தியதும் லீவரைப் பத்துத் தடவை அழுத்தி, கெட்டியான பிறகே ஏறி உட்காருங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் துண்டு காலிப்பரில் இருக்கட்டும். பெட்டியோடு தூக்கி எறியாமல் கருவிப்பையில் போட்டு வையுங்கள். இந்த பிரேக்கில் நியாயமான பெரிய குறை ஒன்றுண்டு: காலிப்பர் சீலை ஷிமானோ தனியாக விற்பதில்லை. பிஸ்டன் ஓரம் எண்ணெய் கசிந்தால் ரிப்பேர் கிடையாது, காலிப்பரையே மாற்ற வேண்டும். காலிப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும், லீவரையும் சேர்த்து வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.