வாழை வேருக்கு மருந்து சுமக்க எந்த வைரஸ் ஏற்றது?

தாமிரபரணிப் பாசனத்தில் வாழை வைப்போருக்கு நூற்புழுவின் கொடுமை புதிதன்று. வேரைத் துளைத்து அழுகச் செய்து, குலை தள்ளிய மரத்தையே சாய்த்துவிடும் அந்தப் புழுவைக் கொல்ல அபாமெக்டின் என்ற மருந்து உண்டு. ஆனால் அது மண்ணிலுள்ள மக்கோடு ஒட்டிக்கொண்டு மேலடுக்கிலேயே தங்கிவிடுவதால், புழு இருக்கும் ஆழத்தை எளிதில் எட்டுவதில்லை. மருந்தைச் சுமந்து கீழே இறங்கும் நானோ துகளாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளாகத் தாவர வைரஸைப் பயன்படுத்தலாம் என்ற ஆராய்ச்சி இங்கேதான் நமக்கு முக்கியமாகிறது.

2019இல் நேச்சர் நானோடெக்னாலஜி இதழில் வெளியான மண்தூண் ஆய்வு (குழாயில் தூண்போல் நிரப்பிய மண்ணில் செய்வது) மூன்று வைரஸ்களை ஒப்பிட்டது. புகையிலை இளம்பச்சைத் தேமல் வைரஸும் தட்டப்பயறு தேமல் வைரஸும் குறைந்தது 30 செ.மீ. ஆழம் வரை இறங்கின. சொடக்குத் தக்காளித் தேமல் வைரஸ் முதல் 4 செ.மீ.க்குள் நின்றுவிட்டது. சிலிக்கா, பிஎல்ஜிஏ என்ற மக்கும் நெகிழி ஆகிய செயற்கைத் துகள்களைவிட வைரஸ்களே மேலானவை என்பது அந்த ஆய்வின் முடிவு. இதில் என்னை மிகவும் ஈர்ப்பது வடிவம் பற்றிய செய்தி. புகையிலை வைரஸ் ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிப்பும் உள்ள கம்பி; மற்ற இரண்டும் 30 நானோமீட்டர் அளவுள்ள பந்துகள். ஒரே அளவுள்ள இரு பந்துகளில் ஒன்று ஆழத்துக்குச் செல்ல, மற்றொன்று மேலேயே தங்குகிறது என்றால், துகளுடைய மேற்பரப்பின் தன்மையையும் கணக்கில் கொண்டே தீர வேண்டும்.

மேலேயே தங்குவதும் பயனற்றதன்று. களைக்கொல்லிக்கு அதுவே பொருத்தம். வாழை வேருக்கோ மற்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பியின் உறையில் 2,000க்கும் மேற்பட்ட புரத அலகுகள் இருப்பதால், மருந்தை இணைக்க இடம் மிகுதி. எனினும் அது உயிர்ப்போடு இருந்தால் பக்கத்து மிளகாய்ச் செடியைத் தாக்கக்கூடும். ஆகவே அதன் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் புறஊதாக் கதிராலோ வேதிப்பொருளாலோ முடக்கியாக வேண்டும். தட்டப்பயறு வைரஸும், வாழைக்கு ஊடே பயறு விதைக்கும் நம் வழக்கத்துக்கு ஆபத்தானதே. ஆனால் அதன் உறையை மட்டும் ஆர்என்ஏ இல்லாத வெற்றுக்கூடாகப் புகையிலை இனச் செடியின் இலைகளில் உருவாக்க முடியும். முடக்கும் வேலை சரியாக நடந்ததா என்ற கவலைக்கே இடமில்லாததால், சுமை குறைந்தாலும் என் தேர்வு இந்த வெற்றுக்கூடுதான்.

ஒரு மண்ணில் கண்ட ஆழத்தை எல்லா மண்ணுக்கும் பொருத்த இயலாது. ஆற்று வண்டல், ராதாபுரம் பக்கத்துத் தேரி மணல், கோவில்பட்டிக் கரிசல் ஆகிய மூன்றையும் தூண்களில் நிரப்பி, கம்பி, வெற்றுக்கூடு ஆகிய இரு துகள்களையும் நீரோடு விட்டு, எந்த ஆழத்தில் எவ்வளவு தேங்குகிறது என்று கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி போன்ற இடங்களில் அளந்து பார்த்த பிறகே வயலுக்குக் கொண்டுவர வேண்டும்.