வாய்க்காலை விட்டுக் கட்டிய குடியிருப்பு: மூன்று ஆண்டு அனுபவம்

மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கத்தில், 36 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2022 முதல் வசித்து வருகிறோம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்த பகுதி இது என்பதால், வீடு பார்க்கப் போன நாளில் சமையலறையைவிட நிலத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தோம். கட்டுநர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு புல வரைபடத்தையும் மேசையில் விரித்து, மனையின் ஓரமாகச் செல்லும் இரட்டைக் கோட்டின் மீது விரலை வைத்து, ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் வாய்க்கால் அது என்றார். அதன் கரையிலிருந்து பத்தடி தள்ளிக் கட்டுவதால் நான்கு வீடுகள் குறைவதையும் அவரே காட்டினார். விலை அக்கம்பக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தும் அன்றே முடிவு செய்துவிட்டோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வாய்க்கால் இரவு முழுவதும் கரையைத் தொட்டு ஓடியது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றும் எங்கள் வண்டி நிறுத்துமிடத்திற்குள் ஏறவில்லை. இந்த மண்ணில் பசுமைக் கட்டுமானம் என்பதற்கு நான் அறிந்த முதல் பொருள், நீரின் வழியை விட்டுக் கட்டுவதுதான். செடித்தொட்டிகளும் சூரிய மின்தகடுகளும் அதற்குப் பிறகுதான் வரவேண்டும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டுவிட்டது என்றாலும், பல கட்டடங்களில் அது மண்ணடைந்த ஒரு குழியாகவே நின்றுவிடுகிறது. இங்கே மொட்டைமாடி நீர் கூழாங்கல், கரி, மணல் அடுக்குகளில் வடிந்து, மனையில் முன்பே இருந்த பழைய கிணற்றில் இறங்குகிறது. கிணற்று உறைகளில் அடிக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பதால், நீர்மட்டத்தைக் குழந்தைகளே எட்டிப் பார்த்துச் சொல்கிறார்கள். மூன்று கோடைகளிலும் சில வாரங்களுக்கு மட்டுமே லாரித் தண்ணீர் வாங்கினோம்.

கட்டுமானம் நடந்தபோது கண்ட ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்பது அப்போது நடைமுறையில் இருந்த 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம். இங்கே பத்துப் பன்னிரண்டு பெண்களே இருந்தும், தகரக் கூரைக்குள் தனி அறை ஒதுக்கி, மின்விசிறிக்குக் கீழே இரண்டு தூளி கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு சாம்பல் செங்கல்லின் தரம் பற்றி நான் அதிகம் கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் முதல் எட்டு மாதங்கள் நாற்றமடித்தது. பராமரிப்பவருக்குச் சரியான பயிற்சி கொடுத்த பிறகே சீரானது. சூரிய மின்சாரம் பொது விளக்குகளுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டுமே போதுமானது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வடக்குச் சுவர்க் கசிவு. ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையை முப்பது நாட்களில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. ஆனால் மூன்றாவது கடிதத்திற்குப் பிறகுதான் ஆள் வந்தார். அதற்குள் நான்கு மாதங்கள் கடந்துவிட்டன. நிலத்திடமும் தொழிலாளர்களிடமும் காட்டிய அதே பொறுப்பை, பணம் வாங்கி முடித்த பின் எங்களிடமும் காட்டியிருக்க வேண்டும்.

இதே கட்டுநரின் அடுத்த திட்டத்தைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். தயங்காமல் போய்ப் பாருங்கள்; புல வரைபடத்தைக் கேட்டு வாங்கி வாய்க்காலை நேரில் நடந்து பாருங்கள்; பழுதுபார்க்கும் கால அளவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.