மரக் கேமராவுக்கு மறுவாழ்வு: எதைக் காப்பாற்றுவது, எதை மாற்றுவது?

பெரிய தாள் பிலிமில் படமெடுக்கும் பழைய மர லார்ஜ் ஃபார்மட் கேமரா கைக்கு வந்தால் முதல் கேள்வி இதுதான்: மேல்பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பாலிஷ் போடுவதா, இருப்பதைத் துடைத்துக் காப்பாற்றுவதா? இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் காப்பாற்றும் கட்சி. லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே மடிந்து விரியும் துருத்தி விஷயத்தில் மட்டும் எதிர்க்கட்சியோடு சேர்ந்துகொள்வேன்.

முடிவெடுக்கும் முன் மரத்தின் மேல் என்ன பூச்சு இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அடிப்பலகையின் கீழ்ப்பக்கம் போல வெளியே தெரியாத ஓர் இடத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒற்றிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். பூச்சு பிசுபிசுத்து, பஞ்சில் தேன் நிறம் ஏறினால் அது அவலரக்கு (ஷெல்லாக்). தார்ன்டன்-பிக்கார்ட், சாண்டர்சன் போன்ற பழைய பிராண்டுகளின் காலத்து ஆங்கிலேய மகோகனி கேமராக்களில் பெரும்பாலும் இந்த அவலரக்குப் பூச்சுதான், அதாவது பிரெஞ்ச் பாலிஷ்தான் இருக்கும். ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை என்றால் வேறு வார்னிஷ்.

அவலரக்கின் பெரிய பலம், புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுவது. கீறலைச் சரிசெய்ய மொத்தத்தையும் உரிக்க வேண்டியதில்லை. தண்ணீரும் சூடும் அதற்கு ஆகாது என்பது உண்மை. பாலியூரித்தேன் இந்த இரண்டையும் தாங்கும். மழையிலும் பனியிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிபவர்கள் அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பிடிக்க வேண்டுமானால் பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்தாக வேண்டும். தேய்க்கத் தேய்க்க விளிம்புகள் மழுங்கும், மரத்தில் குத்திய தயாரிப்பாளர் முத்திரை மங்கும். இதைவிடப் பெரிய தொல்லை, பூச்சின் கனம். லென்ஸைத் தாங்கும் முன்சட்டம் ஓடும் காடியில் மயிரிழை கனம் கூடினாலும் சறுக்கிப் போக வேண்டியது சிக்கிக்கொள்ளும். சாப்பாட்டு மேசைக்கு வேண்டிய கடினம் கேமராவுக்குத் தேவையில்லை. அவலரக்கின் மேல் மெல்லிய தேன்மெழுகு, காடிகளில் வெறும் மெழுகு, அவ்வளவு போதும்.

ஆளிவிதை எண்ணெய் மூன்றாவது வழி. பூசுவது எளிது. ஆனால் வெறும் மரத்தில்தான் ஊறும், ஆகவே இங்கேயும் முதலில் உரித்தாக வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.

விட்டுப்போன மூட்டுகளுக்கு என் கை போவது வச்சிரப் பசைக்குத்தான். வெள்ளைப் பசை ஈரத்தை அதிகம் தாங்கும், சரிதான். ஆனால் வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிக்கொடுக்கும். நாளை இன்னொருவர் உடைக்காமல் பிரிக்கலாம். எபாக்ஸி போட்ட மூட்டை மரம் பிய்யாமல் கழற்றுவது பெரும்பாடு.

பித்தளையை நான் பளபளப்பாக்குவதில்லை. அதன் மேல் இருந்த பொன்னிற லாக்கரை மெட்டல் பாலிஷ் உரித்துவிடும். அவசியம் தேய்க்கத்தான் வேண்டும் என்பவர்கள், பாகங்களைக் கழற்றித் தனியே தேய்க்க வேண்டும். இல்லையென்றால் மர இழைகளுக்குள் வெள்ளைப் பொடி இறங்கி அங்கேயே தங்கிவிடும்.

இப்போது துருத்தி. இருட்டறையில் துருத்தியை முழுக்க இழுத்து, உள்ளே டார்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஓட்டைகள் பெரும்பாலும் மடிப்புகள் கூடும் முனைகளில்தான் மின்னும். தோல் இன்னும் வளைந்துகொடுத்து, நாலைந்து புள்ளிதான் தெரிகிறது என்றால் கறுப்புத் துணிப் பெயின்ட்டால் அடைக்கலாம். விரலால் தடவும்போது செம்பொடி ஒட்டினால் அந்தத் தோலின் ஆயுள் முடிந்துவிட்டது. ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வெடிக்கும். ஷட்டர் திறக்கும் நொடிக்கு மட்டும்தானே வெளிச்சம் படும் என்று நினைக்கக் கூடாது. பிலிமை மூடியிருக்கும் டார்க் ஸ்லைட் தகட்டை உருவியதிலிருந்து திரும்பச் செருகும் வரை கசிவு பிலிமில் விழுந்துகொண்டே இருக்கும். எனவே ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவதைவிடப் புதுத் துருத்தியே மேல்.

வாங்குவதா, செய்வதா? ஆயத்தமாகக் கிடைப்பவை ஒளியை நன்றாகத் தடுக்கும். ஆனால் துணி தடித்திருந்தால் கேமராவை மடித்து மூட முடியாது. பழைய துருத்தியை அழுத்தி மடித்தால் எத்தனை மில்லிமீட்டர் வருகிறது என்று அளந்து சொல்லாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். பொறுமை உள்ளவர்கள் இரண்டு மெல்லிய துணிகளுக்கு நடுவே அட்டைப் பட்டிகளை ஒட்டித் தாங்களே செய்யலாம். பழசைப் பிரித்தால் மடிப்புக் கணக்கும் பட்டிகளின் இடைவெளியும் அப்படியே கிடைக்கும். எதுவானாலும் பழசைத் தூக்கி எறியாமல் எடுத்துவையுங்கள்.

கடைசியாகப் பின்பக்கம். கண்ணாடித் தகட்டுக்காகச் செய்த ஹாஃப்-பிளேட் கேமராவில் பிலிம் போட, அசல் பின்சட்டத்தை அறுத்துத் திருத்துபவர்கள் உண்டு. அதைக் கண்டால் எனக்கு மனம் ஆறாது. ஹாஃப்-பிளேட் அளவு 4¾ × 6½ அங்குலம்; 4×5 அங்குலத் தாள் பிலிம் அதற்குள் அடங்கும். ஆகவே அசலைக் கழற்றி வைத்துவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் 4×5 பின்சட்டம் ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளலாம். இதில் கவனிக்க வேண்டிய அளவு ஒன்றுதான். பிலிம் வைக்கும் ஹோல்டர் உட்காரும் தளத்திலிருந்து, ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான முகம் வரை சுமார் 0.190 அங்குலம், அதாவது 4.8 மி.மீ. இருக்க வேண்டும். அந்த முகம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும். இந்த அளவு பிசகினால் கண்ணாடியில் கூர்மையாகத் தெரிந்தது பிலிமில் மங்கலாக விழும்.