ஏழு மாதச் சம்பளம் போனது: கப்பல் வேலைக்குப் போகும் தம்பிகள் படியுங்கள்

போன வாரம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணே, இது நல்ல கம்பெனியா?" என்று கேட்டான். ஆயிலர் (கப்பல் எஞ்சின் அறை ஆள்) தேவை, ஷார்ஜாவில் உடனே ஜாயினிங். கம்பெனி பெயர் புதிது. கீழே இருந்த போன் நம்பர் மட்டும் எனக்கு மனப்பாடம். என்னைக் கப்பலில் ஏற்றிவிட்ட ஏஜென்சியின் நம்பர், நடுக்கடலில் சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் நான் அடித்துப் பார்த்த நம்பர் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். அம்மாவின் நகையை அடகு வைத்து, ஏஜென்சியின் டைரக்டர் கையிலேயே இரண்டு லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்து, ஒரு சின்ன எண்ணெய்க் கப்பலில் ஏறினேன். ரசீது கேட்கவில்லை. வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்குவதே குற்றம். மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள் எடுப்பு உரிமம் இல்லாதவர் கப்பலுக்கு ஆள் எடுக்கவே கூடாது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உரிமம் உள்ளவர்கள் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, நான் செய்யவில்லை.

இரண்டு மாதம் சம்பளம் சரியாக வந்தது. மூன்றாம் மாதம் பேங்க் பிரச்சினை என்றார்கள். அப்புறம் "அடுத்த வாரம் கண்டிப்பா போட்டுடறேன் தம்பி" என்று டைரக்டரின் குரல் செய்தி மட்டும் வந்துகொண்டே இருந்தது. கப்பல் ஷார்ஜாவுக்கு வெளியே நங்கூரம் போட்டபடி நின்றது. குழாயைத் திறந்தால் துருப்பிடித்த தண்ணீர். ஃப்ரீசரில் கடைசியாக மிஞ்சியது ஒரு கோழிப் பை. அதைப் பதினோரு பேர் மூன்று நாளைக்குப் பங்கு வைத்தோம்.

ஒன்பதாம் மாதம் ஒருவர் படகில் வந்தார். மெஸ் ரூம் (சாப்பாட்டு அறை) மேசையில் ஆளுக்கொரு தாள் வைத்தார். "ஒரு மாதச் சம்பளமும் டிக்கெட்டும் தருகிறோம். பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள்." என் மகளுக்கு அப்போது ஆறு மாதம், முகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. போட்டுவிட்டேன். அந்தப் பேனாவின் நீல மூடிகூட இன்னும் கண்ணில் நிற்கிறது. டிக்கெட் வந்தது. அந்த ஒரு மாதச் சம்பளமும் வரவில்லை.

பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் சமையல்காரர் பேனாவைத் தொடவே இல்லை. அவர் மனைவி மணிலாவில் ஏஜென்சிமேல் புகார் கொடுத்திருந்தார். புகாரில் கம்பெனி பெயரோடு அதன் தலைவர், டைரக்டர்கள் பெயரும் தனித்தனியாக இருந்தன. அவர்கள் நாட்டில் 1995-இல் வந்த 8042-ஆம் எண் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அப்படி. வெளிநாட்டு முதலாளி தரவேண்டிய சம்பளத்துக்கு உள்ளூர் ஏஜென்சியும் பொறுப்பு. ஏஜென்சி ஒரு கம்பெனியாக இருந்தால் அதன் அதிகாரிகளும் டைரக்டர்களும் சேர்ந்தே பொறுப்பு. அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது, நிர்வாகத்தில் அவர்கள் தவறியதைக் காட்ட வேண்டும் என்று 2012-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சொந்தப் பெயர் புகாரில் ஏறியதும் ஏஜென்சிக்காரர்கள் பேச இறங்கி வந்தார்கள். சில மாதத்தில் அவருக்குப் பணம் வந்துவிட்டது.

நான் ஊர் திரும்பி சென்னையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஒப்பந்தத்தைப் புரட்டினார். முதலாளி என்று இருந்தது ஏதோ தீவில் பதிந்த ஒரு பெயர், அவ்வளவுதான். ஏஜென்சியோ பிரைவேட் லிமிடெட், அலுவலகம் காலி. "கம்பெனி வேறு, டைரக்டர் வேறு தம்பி. கம்பெனி வைத்த பாக்கியை டைரக்டரின் சொந்தப் பணத்திலிருந்து கேட்க நம் ஊர்ச் சட்டத்தில் சுலபமான வழி இல்லை. அந்த ஆளே உன்னை ஏமாற்றினார் என்று நிரூபித்தால்தான் ஆள்மேல் போகலாம். பணம் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறாய்?" என்றார். என்னிடம் ஒன்றுமில்லை. அந்த இரண்டு லட்சத்தை டைரக்டரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பியிருந்தால் பேங்க் பதிவில் அந்த ஒரு வரியே மோசடிப் புகாருக்கு உதவியிருக்கும்.

தம்பிகளே, கப்பல் ஏறிய அன்றே மெஸ் ரூமில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் படியுங்கள். கைவிடப்பட்ட மாலுமிக்கு நான்கு மாதச் சம்பளம் வரைக்கும், ஊர் திரும்பும் செலவும் தரும் காப்புறுதிச் சான்று அங்கே இருக்க வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள சர்வதேச விதி இது. இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே கைவிட்டதாகக் கணக்கு. எங்கள் கப்பலில் தொங்கியது காலாவதியான சான்று. ஒன்பது மாதமும் அதன் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். சம்பளம் நின்றால் மூன்றாம் மாதமே சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்துக்கும் இயக்குநரகத்துக்கும் எழுதிவிடுங்கள். பாக்கி இல்லை என்ற தாளில் மட்டும், பணம் கணக்கில் ஏறாமல், கையெழுத்துப் போடாதீர்கள்.

டைரக்டர் தப்பினாலும் கப்பலைப் பிடிக்கலாம் என்று வக்கீல் சொன்னார். கடல் வழக்குகளுக்கான நம் நாட்டின் 2017-ஆம் வருட அட்மிரால்டி சட்டப்படி மாலுமியின் சம்பளம் கப்பல்மேலேயே ஒட்டியிருக்கும் முதல் பாக்கி. கப்பலை விற்றாலும், கொடியை மாற்றினாலும் அது போகாது. நம் துறைமுகத்துக்கு வந்தால் உயர் நீதிமன்றத்தில் சொல்லி நிறுத்தி வைக்கலாம். சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு.

தினமும் போனில் அந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட அது இந்தியப் பக்கம் வரவில்லை. போன மார்கழியோடு என் இரண்டு வருடம் முடிந்துவிட்டது.