மாஸ்ட்ரோயானி ஆவணப்படம்: முழு நீளப் பதிப்பையே பாருங்கள்

இத்தாலிய நடிகர் மார்செல்லோ மாஸ்ட்ரோயானியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால், அன்னா மரியா தத்தோ எடுத்த ‘மி ரிகோர்தோ, ஸி, இயோ மி ரிகோர்தோ’ ஆவணப்படத்தைப் பாருங்கள். ‘நினைவிருக்கிறது, ஆமாம், எனக்கு நினைவிருக்கிறது’ என்று அர்த்தம். 1996இல் போர்ச்சுகீசிய இயக்குநர் மனோயல் டி ஒலிவெய்ராவின் படத்துக்காக அவர் போர்ச்சுகலில் இருந்தபோது எடுத்தது. கேமரா முன்னால் உட்கார்ந்து தன் கதையைத் தானே சொல்கிறார். அதே வருடம் டிசம்பர் 19 அன்று பாரிஸில் புற்றுநோயால் இறந்துபோனார், வயது 72. அது தெரிந்துதான் நாம் பார்க்கிறோம், ஆனால் திரையில் உட்கார்ந்திருக்கிறவர் நம்மைப் பரிதாபப்பட விடுவதில்லை.

வாங்கும் முன் ஓடும் நேரத்தைக் கவனியுங்கள். முழுப் படம் 198 நிமிடம். சுருக்கிய பதிப்பும் இருக்கிறது, அது வேண்டாம். மனிதர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர், ஒன்றைச் சொல்லவந்து இன்னொன்றுக்குப் போய்விடுவார், படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நினைவுகளை அடுக்கிக்கொண்டே போகும் ஒரு பகுதி உண்டு. ஒரு பெரிய மரம், நியூயார்க்கில் அந்தி நேரத்துக் கட்டடங்கள், அப்புறம் அம்மா முட்டை பொரிக்கும் கைப்பிடி இல்லாத அலுமினியச் சட்டி. உலகமே கொண்டாடிய நடிகர் கடைசிக் காலத்தில் தன்னிடமிருந்து எடுத்துக் காட்டுவது விருதுகளை அல்ல, அந்தச் சட்டியை. எனக்கு இந்தப் படம் முழுவதும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

பிறந்தது 1924, ஃபொன்தானா லிரி என்ற சிற்றூர். அப்பா தச்சர். போர்க்காலத்தில் வரைபடம் வரையும் வேலை, ஜெர்மானியர்களிடமிருந்து தப்பி வெனிஸில் ஒளிந்திருந்தது, பிறகு ரோமில் ஒரு பட விநியோக நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டே பல்கலைக்கழக நாடகக் குழுவில் நடித்தது, 1948இல் இயக்குநர் விஸ்கோன்தி தன் நாடகக் குழுவுக்கு அழைத்துக்கொண்டது. சினிமாவில் பெயர் வாங்குவதற்கு முன் சுமார் பத்து வருடம் மேடையில் உழைத்திருக்கிறார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

மறக்கக் காரணம் 1960இல் வந்த ‘லா டோல்சே வீட்டா’. அந்த ஒரு படத்துக்குப் பிறகு ‘லத்தீன் காதலன்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது, கடைசிவரை அதை உதற முயன்றுகொண்டே இருந்தார். நியாயம் அவர் பக்கம்தான். அதே 1960இல் ‘இல் பெல் அந்தோனியோ’வில் ஆண்மையற்ற கணவனாக நடித்தார். 1963இல் மொனிசெல்லியின் ‘இ கொம்பாஞி’யில் ஆலைத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டும், பசியோடு அலையும் கண்ணாடி போட்ட வாத்தியார். 1973இல் ஒரு பிரெஞ்சுப் படத்தில் கர்ப்பம் என்று டாக்டர்கள் சொல்லிவிடும் ஆண்! இப்படியெல்லாம் வேடம் தேடிப் போனவரைக் காதலன் என்ற ஒரே பெட்டியில் அடைப்பது பெரிய அநியாயம்.

இதற்கெல்லாம் மேலே எனக்கு 1977இல் எட்டோரே ஸ்கோலா எடுத்த ‘ஊனா ஜோர்னாத்தா பார்ட்டிகோலாரே’. 1938 மே மாதம், ஹிட்லர் ரோமுக்கு வந்த நாள், அடுக்குமாடிக் குடியிருப்பே காலியாகி ஊர்வலம் பார்க்கப் போய்விடுகிறது, காவல்காரப் பெண்ணைத் தவிர மிஞ்சியிருப்பது இரண்டு பேர். சோபியா லோரன் களைத்துப்போன இல்லத்தரசி, இவர் தன்பாலீர்ப்பு காரணமாக வேலை பறிபோன வானொலி அறிவிப்பாளர். மொட்டை மாடியில் காயும் போர்வைகளை மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் அவரை நெருங்குகிறாள், அதற்குப் பிறகு மாடிப்படியில் நின்று தான் யார் என்பதைக் கட்டடம் முழுவதும் கேட்கும்படி அவர் கத்துகிறாரே, அதுவரை அடக்கமாக, வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்த மனிதரின் குரல் அங்கே உடைகிறது. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது, பரிசு வரவில்லை. மொத்தம் மூன்று முறை அப்படித்தான். கான் திரைப்பட விழாவில் மட்டும் 1970, 1987 என்று இரண்டு தடவை சிறந்த நடிகர்.

நடிப்பைப் பற்றி அவர் பேசும் பகுதிகளுக்காகவே நடிக்க ஆசைப்படும் இளைஞர்கள் இதைப் பார்க்க வேண்டும். பாத்திரத்துக்காக மாதக்கணக்கில் உடலை வருத்திக்கொள்வது அவருக்கு ஒத்துவரவே இல்லை. அவருக்கு நடிப்பு என்பது விளையாட்டு, சந்தோஷமாகச் செய்ய வேண்டிய வேலை. வயதான டார்ஜானாக நடிக்க ஆசை என்று அவர் சொல்லும்போது அது சும்மா சொன்னது மாதிரித் தெரியவில்லை. ஒளிப்பதிவு ஜுசெப்பே ரோத்துன்னோ, 1957இல் விஸ்கோன்தியின் ‘லே நோத்தி பியாங்கே’யில் இதே முகத்தைப் படம்பிடித்தவர். நாற்பது வருடப் பழக்கம் இருக்கும் கேமரா என்பதால் சுருக்கங்களை மறைக்கவும் இல்லை, காட்சிப்பொருளாக்கவும் இல்லை.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. எடுத்த தத்தோ, கல்யாணம் ஆகாமல் அவரோடு வாழ்ந்த துணைவி, அதனால் கடினமான கேள்விகள் வருவதில்லை. 1950இல் மணந்த ஃபுளோரா கராபெல்லாவை அவர் கடைசிவரை விவாகரத்து செய்யவில்லை, பிரெஞ்சு நடிகை கேத்தரின் தெனுவோடு வாழ்ந்து மகள் கியாரா பிறந்தாள், இந்தப் பக்கமெல்லாம் பெரும்பாலும் மௌனம்தான். கிசுகிசு எனக்கும் வேண்டாம், ஆனால் அவரோடு வாழ்ந்தவர்களின் குரல் கொஞ்சமாவது கேட்டிருந்தால் மனிதர் இன்னும் முழுமையாகத் தெரிந்திருப்பார். வருடவாரியாகத் தகவல் வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது, காலம் முன்னும் பின்னுமாகப் போகும்.

பேச்சை மட்டும் புத்தகமாகவும் போட்டிருக்கிறார்கள். படிக்கலாம், ஆனால் அந்தக் குரலும் சிகரெட் புகையும் இல்லாமல் பாதிதான். மாஸ்ட்ரோயானி படம் ஒன்றுகூடப் பார்க்காதவர்கள் இதில் தொடங்க வேண்டாம். முதலில் ஸ்கோலா படம், அப்புறம் ‘இ கொம்பாஞி’, அதன் பிறகு இதை எடுங்கள், ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு நாளாகப் பிரித்துப் பார்க்கலாம்.