ஜெர்மனி பிளாக்டு அக்கவுண்ட்: சேவை நன்று, பணம் கசிவது வேறு இடத்தில்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவுப் பணத்தைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அதை பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கிய கணக்கில் போட்டுவைத்தால், அங்கே போனபின் மாதம் 992 யூரோதான் கையில் வரும். ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ, கோராக்கிள் ஆகிய நிறுவனங்கள் இந்தக் கணக்கை ஆன்லைனில் திறந்து தருகின்றன.

கணக்குத் திறப்பதைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவும் இல்லை. பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து அனுப்பி, சரிபார்ப்பு முடிந்ததும் கணக்கு எண் வந்துவிடும். பணம் போய்ச் சேர்ந்ததும் விசாவுக்கான சான்றிதழ் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். ஆரம்பக் கட்டணம், மாதக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 100 முதல் 150 யூரோ. மாணவர்கள் பெரும்பாலும் இந்த 20, 30 யூரோ வித்தியாசத்தையே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரிய தொகை போவது நம் ஊர் வங்கியில்தான்.

யூரோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வங்கி பிடித்தால் 11,904 ரூபாய் போச்சு. அதனால் கூகுளில் தெரியும் விலையை நம்பாமல், குறைந்தது மூன்று இடங்களில் ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள் விலை கேளுங்கள். கேட்கும்போது "எல்லாம் சேர்த்து என் கணக்கிலிருந்து எத்தனை ரூபாய் போகும்?" என்று கேட்பதே சரி. 12 லட்சம் ரூபாயை மாற்றினால் ஜிஎஸ்டி சுமார் 1,026 ரூபாய். இது எங்கே அனுப்பினாலும் ஒன்றுதான், இதில் பேரம் இல்லை. விலையில் உண்டு; கிளை மேலாளரிடம் கேட்டால் பெரும்பாலும் கொஞ்சமாவது குறைப்பார்கள்.

அடுத்த சிக்கல் இடைநிலை வங்கிக் கட்டணம். படிவத்தில் கட்டணத்தை அனுப்புபவரும் பெறுபவரும் பகிர்வதாகக் குறித்தால், வழியில் உள்ள வங்கி சில யூரோக்களைக் கழித்துக்கொள்ளும். தொகை 11,904-க்கு 15 யூரோ குறைந்தாலும் சான்றிதழ் வராது. மறுபடி அனுப்பினால் இன்னொரு கட்டணம், இன்னும் சில நாட்கள். எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது என்று குறியுங்கள். சேவைக் கட்டணத்துக்கு மேல் 50 யூரோவாவது சேர்த்து அனுப்புங்கள். நிறுவனம் தரும் குறிப்பு எண்ணை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் எழுத வேண்டும். பணம் யாருடையது என்று தெரியாமல் நிற்பதற்கு அந்தப் பிசகே முக்கியக் காரணம்.

டிசிஎஸ், அதாவது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி, ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால்தான், தாண்டிய பகுதிக்கு மட்டும். வங்கிக் கல்விக் கடன் பணமாக இருந்தால் 2025 ஏப்ரல் முதல் அதுவும் இல்லை. சொந்தப் பணமென்றால் அப்பா பாதி, அம்மா பாதி என்று இரண்டு பான் எண்களில் அனுப்பலாம். முதலில் பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனம் இரண்டு பேரிடமிருந்து பணம் ஏற்குமா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். டிசிஎஸ் பிடித்தாலும் வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்; பணம் சில மாதம் முடங்கும், அவ்வளவே.

மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்து விற்கும் பேக்கேஜில் ஒரே எச்சரிக்கை. 30 வயதுக்குள் இருப்பவர் ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீட்டையே எடுப்பது நல்லது. தனியார் காப்பீட்டுக்காக விலக்கு வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது.

போய் இறங்கியதும் பணம் வராது. முகவரியைப் பதிவு செய்து, அங்கே சாதாரண வங்கிக் கணக்கு திறந்து, அதன் ஐபேன் எனும் சர்வதேச கணக்கு எண்ணைக் கொடுத்த பிறகுதான் முதல் 992 யூரோ. இதற்குச் சில வாரம் ஆகலாம். அதற்குள் வீட்டு முன்பணம் கேட்பார்கள். சட்டப்படி அடிப்படை வாடகையின் மூன்று மடங்குவரை போகலாம். ஆகவே 1,500 யூரோவாவது ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக இருக்கட்டும்.

992 யூரோ எல்லா ஊருக்கும் போதாது. காப்பீடு 150 யூரோவை ஒட்டி, ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு 18.36 யூரோ போக மீதியில்தான் வாடகையும் சாப்பாடும். லைப்சிக், கெம்னிட்ஸில் மாணவர் விடுதி கிடைத்தால் நிம்மதியாக ஓட்டலாம். மியூனிக்கில் தனியார் அறை என்றால் வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும். பேடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் தனி. இந்தக் கணக்கில் அது அடங்காது.

ஜெர்மனியில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடி பணச் சான்று கேட்பார்கள். பகுதிநேர வேலை ஒப்பந்தமும் சம்பளச் சீட்டுகளும் அப்போது உதவும். எட்டாவது மாதமே அவற்றைத் திரட்டத் தொடங்குங்கள்.