ரவுணை மேலிருந்து பார்த்தல்: கூகிள் ஏர்த் புரோவோடு ஆறு வருடம்

ஞாயிறு காலை ஆறரைக்கு யாழ்ப்பாண ரவுணில் சனம் குறைவு. கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நான் சைக்கிளில் கொப்பியும் பென்சிலுமாக இறங்குவேன். எந்தக் கடைக்கு மேல் புதிதாகக் கொங்கிறீற் பிளாற் போட்டிருக்கிறார்கள், எந்தப் பழைய ஓட்டுக்கூரையைக் கழற்றிவிட்டார்கள், எந்த வெறும் வளவில் கம்பி கட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். மிச்ச வேலை கணினியில். அந்த மிச்ச வேலைக்கு நான் நம்பியிருக்கும், செய்மதிப் படங்களில் ஊரை மேலிருந்து காட்டும் கூகிள் ஏர்த் புரோ என்ற மென்பொருளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஊர் மாறுவதைக் கணக்கு வைக்க விரும்பும் ஒருவருக்கு அது எவ்வளவு உதவும் என்பது மட்டுமே என் கேள்வி. மற்றப் பயன்கள் பற்றி எனக்கு அக்கறையில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் கட்டடப் படவரைஞராக வேலை செய்தவன் நான். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி, யாழ்ப்பாண ரவுணோடு சேர்ந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, வீட்டில் சுருட்டி வைத்திருந்த என் வரைபடங்களை எல்லாம் விட்டுவிட்டுத்தான் போனேன். அரிசியும் பிள்ளைகளின் உடுப்பும் எடுத்தோம். படங்களை எடுக்கக் கை இருக்கவில்லை. திரும்பி வந்தபோது அவை இல்லை. பெரியகடை என்கிற கிராண்ட் பஜார் பக்கம் அப்பா வைத்திருந்த சின்னத் தையல் கடையின் அளவுப்படமும் அதோடு போனது. கடையும் அதற்கு முன்னமே போய்விட்டது. கனடாவில் ஸ்காபரோவிலிருந்து அண்ணா கோல் எடுக்கும்போதெல்லாம், "தம்பி, எங்கட கடை நிண்ட இடத்தில இப்ப என்ன நிக்குது?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் பதில் மாறிக்கொண்டே இருந்தது. அதை ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதலில் காசு விஷயம். இந்தப் புரோ பதிப்புக்கு ஒரு காலத்தில் வருடத்துக்கு 399 டொலர் கட்டவேண்டும். 2015 ஜனவரியிலிருந்து இலவசம். கணினியில் இறக்கிப் பதிந்துகொள்ள வேண்டியதுதான். என்னிடம் இருப்பது மகள் பாவித்துவிட்டுத் தந்த பழைய மடிக்கணினி. அதில் தாராளமாக ஓடுகிறது.

இதன் உயிர் ஒரே ஒரு பொத்தானில் இருக்கிறது. மேல் வரிசையில் மணிக்கூடு போல ஒரு சின்னப் படம், அதில் பின்னோக்கிச் சுற்றும் அம்பு. அதை அழுத்தினால் இடது மேல் மூலையில் ஒரு காலக்கோடு விரியும். கோட்டில் உள்ள ஒவ்வொரு குறியும் ஒரு நாளில் எடுத்த படம். இழுத்தால் ஊர் பின்னுக்குப் போகும். 2009ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்த வசதி இது. இணைய உலாவியில் திறக்கும் ஏர்த்திலும் கைத்தொலைபேசியிலும் 2024இலிருந்து பழைய படங்களைப் பார்க்கலாம் என்றாலும் அளக்கவும் அடுக்கவும் கணினிப் பதிப்பே கைக்கு வசதி. சும்மா பார்க்க போன் போதும்.

நான் முதலில் பார்த்த இடம் புகையிரத நிலையம். 1990 ஜூன் மாதம் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்ரோபர் 13 அன்றுதான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. அந்த இருபத்துநாலு வருடத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழன்று பாதையே காடாகிவிட்டது. புதிய படத்தில் நிலையத்தின் நீண்ட கூரையும் இரும்புப் பாதையும் துலக்கமாகத் தெரிகின்றன. காலக்கோட்டைப் பின்னுக்கு இழுத்தேன். கூரை போனது. பாதை போனது. பாதை இருந்த தடம் மட்டும் வீடுகளுக்கிடையே ஒரு நீளமான இடைவெளியாக, தழும்பு மாதிரிக் கிடந்தது. கதிரையை விட்டு எழும்பி மனைவியைக் கூப்பிட்டேன். இருவரும் கனநேரம் அந்தக் கோட்டை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது பொது நூலகத்தடி. புல்லுக்குளத்துக்குப் பக்கத்தில் இப்போது நிற்கும் கலாசார நிலையத்தின் பதினொரு மாடிக் கோபுரத்தை எல்லோரும் அறிவீர்கள். 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2022 மார்ச்சில் இணையவழியில் திறந்தார்கள். 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளித்தார்கள். 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் சூட்டினார்கள். இத்தனை விழாவும் பத்திரிகையில் வந்தன. கட்டடம் எழுந்த விதத்தை மேலிருந்து படிப்படியாகப் பார்ப்பது வேறு அனுபவம். வெறும் நிலம், கிளறிய மண், பிறகு கூரை, அதற்குப் பக்கத்தில் தரையில் விழுந்த நீண்ட நிழல்.

நிழல் என்று சொல்லும்போதுதான் இந்த மென்பொருளின் உண்மையான பலத்துக்கு வருகிறேன். மேலிருந்து பார்த்தால் ஒரு கட்டடம் எத்தனை மாடி என்று தெரியாது என்பார்கள். தெரியும். ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடுத்த படத்தில் எல்லா நிழலும் ஒரே விகிதத்தில்தான் விழும். என் வீட்டு மேல்மாடிச் சுவர் நிலத்திலிருந்து 22 அடி உயரம், நானே நாடா பிடித்து அளந்தது. ஒரு படத்தில் அதன் நிழலை அளவுகோல் கருவியால் அளந்தேன், 18 அடி. அதே படத்தில் ரவுணுக்குள் புதிதாக எழும்பிய ஒரு விடுதியின் நிழல் 45 அடி. கணக்குப் போட்டால் உயரம் 55 அடி, மாடிக்குப் பதினொரு அடி என்றால் ஐந்து மாடி. அடுத்த ஞாயிறு போய் நிமிர்ந்து எண்ணினேன். ஐந்துதான். படவரைஞனுக்கு இதைவிட வேறு சந்தோசம் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நிழல் சமதரையில் விழவேண்டும், இரண்டு நிழலும் ஒரே நாள் படத்தில் இருக்கவேண்டும். பக்கத்துக் கூரைமேல் விழுந்த நிழலை அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

அளவுகோலில் பல்கோணம் என்ற பகுதி காணியின் பரப்பளவைத் தரும். சதுர மீற்றர், ஏக்கர், ஹெக்டெயர் எல்லாம் உண்டு. எங்கள் பரப்பு இல்லை. ஒரு பரப்பு பத்துப் பேர்ச், அதாவது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஆகவே வரும் எண்ணை 253ஆல் பிரித்துக்கொள்ளுங்கள். என் வளவு உறுதியில் இரண்டு பரப்பு. மதில் ஓரமாகப் புள்ளி வைத்து வரைந்தபோது 511 சதுர மீற்றர் வந்தது, ஐந்து சதுர மீற்றர் கூட. கூரை விளிம்பைத் தொட்டு வரையாமல் சுவர் நிலத்தைத் தொடும் இடத்தில் வரைந்தால் இன்னும் கிட்ட வரும். செய்மதி நேர் மேலே நின்று எடுப்பது அபூர்வம். சற்றுச் சரிவாக எடுத்தால் உயரமான கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரித் தெரியும். இரண்டு வேறு நாட்களின் படங்களும் சில மீற்றர் விலகி இருக்கலாம். அதைக் கண்டு 'மதிலைத் தள்ளிக் கட்டிவிட்டான்' என்று அயலவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். எல்லைப் பிணக்குக்கு நில அளவையாளரைத்தான் கூப்பிடவேண்டும். இது அதற்கான கருவி அல்ல.

படம் புதுப்பிக்கப்படும் வேகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: இதில் நேரடி ஒளிபரப்பு எதிர்பார்க்கக் கூடாது. மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் பழைய படம்தான் இருக்கும். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை எங்களுக்கு மாரி. முகில் மூடிய நாளில் எந்தச் செய்மதிக் கமராவும் கீழே பார்க்க முடியாது. இடைவெளியை நிரப்ப நான் ஐரோப்பியர்களின் சென்ரினல்-2 படங்களை இன்னொரு இணையத்தளத்தில் பார்க்கிறேன், அதுவும் இலவசம். ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும். ஆனால் அதில் ஒரு புள்ளி பத்து மீற்றர். கடை தெரியாது. குளம் வற்றியதா நிரம்பியதா, ஒரு பெரிய வளவின் மரங்கள் ஒரே வாரத்தில் போய்விட்டனவா என்பது தெரியும்.

குளத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், என் கணக்கில் கட்டடத்துக்கு ஈடாக நிற்பது அதுதான். ஏர்த் படத்தில் ஒவ்வொரு இடத்திலும் நான் போடும் அடையாளங்களுக்கு நாலு நிறம். சிவப்பு இடித்தது, மஞ்சள் கட்டிக்கொண்டிருப்பது, பச்சை முடிந்தது, நீலம் குளமும் கேணியும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. கீழே சுண்ணாம்புக்கல், அதன் பொந்துகளுக்குள் மழைத்தண்ணீர், அதற்குள் இறங்குகிறது எங்கள் கிணறு. ஊர் முழுக்க ஓடும் கழிவுநீர்க் குழாய் வலையும் கிடையாது. ஒவ்வொரு கட்டடத்தின் மலக்குழியும் அதே கல்லுக்குள்தான் ஊறுகிறது. இரண்டு பரப்பில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஐந்து மாடி விடுதி வந்தால், மேலே போன மாடிகளின் தண்ணீர் எல்லாம் கீழே எங்கே போகும்? கிணற்று நீரில் நைத்திரேற்று கூடிவிட்டது என்று பல வருடமாகச் சொல்லுகிறார்கள். ஆகவே புதிய மாடியை எண்ணுகிறவன் பக்கத்தில் உள்ள குளத்தையும் எண்ணத்தான் வேண்டும். 2021 டிசம்பரில் ஆரியகுளத்தைத் திருத்தித் திறந்தபோது நான் நீல அடையாளத்தைப் பெரிதாக்கிப் போட்டேன். அன்றைக்கு மனம் நிறைந்திருந்தது. அதே நீலப் பட்டியலில் புல்லும் மண்ணும் மூடி ஓரம் சுருங்கிப் போன சின்னக் கேணிகளும் உண்டு. காலக்கோட்டை இழுக்க இழுக்க அவை ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

இனி, மேலிருந்து பார்த்தால் தெரியாதவை. கஸ்தூரியார் வீதியிலும் பெரியகடையிலும் பாதி மாற்றம் முகப்பில்தான் நடக்கிறது. பின்னால் அதே ஓட்டுக்கூரை, முன்னால் கண்ணாடியும் அலுமினியமும். மரத்தூணும் பலகைக் கதவும் போய்விட்டதைக் கூரை சொல்லாது. செய்மதிக்கு அந்தக் கடை இருபது வருடமாக மாறவேயில்லை. பொது நூலகத்தைப் பாருங்கள். 1959இல் திறந்த கட்டடம், 1981இல் எரிந்தது, 97,000 புத்தகம் சாம்பலானது, பிறகு திருத்திக் கட்டினார்கள். மேலிருந்து தெரிவது வெள்ளைக் கூரையும் குவிமாடமும் மட்டும். எரிந்த கட்டடத்தையே அதே முகத்தோடு எழுப்பினார்கள் என்பது கொப்பியில் எழுதி வைத்தால்தான் அடுத்த தலைமுறைக்குத் தெரியும். இதனால்தான் ஞாயிறு நடையை நான் விடவில்லை. ஒவ்வொரு அடையாளத்திலும் ஒரு குறிப்புப் பெட்டி உண்டு. முன்பு என்ன கடை, யார் சொன்னது, கூரை என்ன, சுவர் கல்லா சீமெந்தா, எத்தனை மாடி, எந்தத் திகதி பார்த்தேன் என்று அதில் தமிழில் தட்டுகிறேன். தமிழ் யூனிகோட் எழுத்துச் சிக்கலில்லாமல் ஏறுகிறது.

பழைய வரைபடம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஸ்கான் பண்ணிய படத்தை ஊரின்மேல் போர்த்தலாம். பட மேலடுக்கு என்ற பகுதியில் ஏற்றி, மூலைகளை இழுத்து, தெரிந்த இரண்டு மூன்று இடங்களோடு பொருத்தவேண்டும். நான் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் கோட்டையின் மூலைகளையும் பிடித்துக்கொள்வேன். கோட்டை ஐந்து மூலை உள்ளது, அசையாதது, பொருத்துவதற்கு அதைப்போல வாய்ப்பான அடையாளம் வேறில்லை. பிறகு ஒரு சறுக்குக் கோலால் பழைய படத்தை மங்கச் செய்தால் அடியில் இன்றைய ரவுண் தெரியும். என்னோடு வேலை செய்த ஒருவர் தன் வீட்டுப் பெட்டிக்குள் இருந்த ஒரு பழைய வீதிப்படத்தின் பிரதியைத் தந்தார். ஓரம் கரையான் தின்றது. அதைப் போர்த்தியபோதுதான் அப்பாவின் கடை இருந்த துண்டு இன்று எந்தக் கட்டடத்தின் எந்த மூலைக்குள் வருகிறது என்று முதல் தடவையாகச் சரியாகப் பிடித்தேன்.

சேமிப்பது பற்றி ஒரு வேண்டுகோள். நீங்கள் போடும் அடையாளங்கள் உங்கள் கணினிக்குள்தான் இருக்கும். மாதம் ஒருமுறை முழுக் கோப்புறையையும் கேஎம்இசட் (KMZ) என்ற ஒற்றைக் கோப்பாகச் சேமித்து, யூஎஸ்பியில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, வெளியூரில் உள்ள ஒருவரிடம் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். என்னுடையது இன்று 400 அடையாளத்துக்கு மேல், ஆனாலும் அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. இந்த ஊரில் காகிதத்தில் இருந்தவை எப்படிப் போயின என்று அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மாநகரசபை எல்லைக்குள் ஒரு வட்டாரத்தையாவது எடுத்து இதைச் செய்யக்கூடிய உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். புவியியல் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு சனிக்கிழமை போதும், பழகிவிடும். ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் நான் ஐந்தும் கொடுப்பேன், நடக்கக் கால் இருக்கும்வரை என்ற நிபந்தனையோடு. கால் இல்லாதவருக்கு மூன்று.

போன மாதம் அண்ணாவுக்குக் கோப்பை அனுப்பினேன். பேரன் திறந்து கொடுத்திருக்கிறான். இரவு கோல் எடுத்தார்.

"தம்பி, சிவப்புப் பெட்டி ஒண்டு போட்டிருக்கிறாய், 'அப்பாவின் கடை' எண்டு. அதுக்குப் பக்கத்தில ஒரு வேப்பமரம் நிண்டதல்லே?"

எனக்கு மரம் ஞாபகத்தில் இல்லை. வரும் ஞாயிறு போய் அங்கே பழைய ஆட்கள் யாரையும் விசாரித்துப் பார்க்கவேண்டும்.